மிஞ்சிய சூட்டுக்கு ஒரு கணக்கு

மே மாத மதியம் இரண்டு மணிக்கு நம் பி பிளாக்குக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான்கு மாடியிலும் வரிசையாக மாட்டியிருக்கும் ஏசி வெளி யூனிட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, உருண்டுபோன பந்தை எடுக்க அந்தச் சந்துக்குள் போய்விட்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். "இவ்வளவு சூடு சும்மா போகுதே தாத்தா, இதை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று கேட்டாள்.

வங்கியில் குமாஸ்தாவாக 35 வருஷம் உட்கார்ந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். சிரித்துவிட்டு நகர மனம் வரவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குளிர் நாடுகளில் இந்தச் சரக்குக்கு 300 வருஷமாகவே ஆள் இருந்திருக்கிறது. வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டக்காரர்கள். பக்கத்துத் தொழிற்கூடத்தில் மிஞ்சும் சூட்டைக் கொண்டு தங்கள் கண்ணாடிக் குடில்களைக் கதகதப்பாக வைத்துக்கொண்டவர்கள். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் 'பை-ப்ராடக்ட்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. நெல் அரைத்தால் அரிசி கிடைக்கிறது; கூடவே தவிடும் உமியும் கிடைக்கின்றன. தவிட்டை எண்ணெய் ஆலைக்காரர் வாங்குகிறார், உமியைச் சூளைக்காரர் வாங்குகிறார். மில் முதலாளி அந்த வரவை அரிசியின் செலவில் கழித்துக்கொள்கிறார். சூடும் இப்படி ஒரு பை-ப்ராடக்ட்தான். ஆனால் அதை மூட்டை கட்ட முடியாது, லாரியில் ஏற்ற முடியாது, விலை ஏறும்வரை குடோனில் வைத்திருக்கவும் முடியாது. குழாயில் வெகுதூரம் அனுப்பினால் குழாயின் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே வாங்குகிறவர் விற்கிறவரின் வாசலுக்கே குடிவந்தாக வேண்டும். இந்த ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

கதை அன்னாசிப் பழத்தில் தொடங்குகிறது.

1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் குவாதலூப் தீவில் அன்னாசியைப் பார்த்தார். அதன் பிறகு ஐரோப்பிய மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் அந்தப் பழத்தின் மேல் ஒரு பைத்தியமே பிடித்தது. கப்பலில் கொண்டுவந்தால் பாதி வழியிலேயே அழுகிவிடும். தங்கள் ஊரிலேயே விளைவிக்கலாம் என்றால் அங்கே குளிர். நம் ஊரில் ரோட்டோரம் தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி விற்கிற பழத்துக்காக அங்கே பிரபுக்கள் தலைகீழாக நின்றிருக்கிறார்கள்!

கண்ணாடிக் குடில் மட்டும் போதாது. பகலில் வெயில் அடித்தால் உள்ளே சூடு தங்கும், சரி. ஆனால் அங்கே குளிர்காலத்தில் வெயிலே சில மணி நேரம்தான்; ராத்திரியோ நீண்டது. அன்னாசிக்கு வேர்ப்பகுதி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அதுவும் காய்க்கும்வரை இரண்டு மூன்று வருஷம். அடுப்பு மூட்டிப் பார்த்தார்கள். காற்று வறண்டது, புகை கசிந்தது, சில நேரம் செடி கருகியது. குதிரை லத்தியைக் குழியில் கொட்டி அதன் மேல் தொட்டிகளை வைத்தார்கள். எருக்குழியில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், அது முதலில் கொதிக்கும், பிறகு சீக்கிரமே ஆறிவிடும். அன்னாசிக்கு அது ஒத்துவரவில்லை.

விடை கிடைத்தது தோல் பதனிடும் தொழிலிடமிருந்து. நம் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள் அல்லவா, அதேபோல ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையைப் பயன்படுத்தினார்கள். பட்டையை இடித்துத் தண்ணீரில் போட்டு, தோலோடு மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். பட்டையில் உள்ள துவர்ப்பெல்லாம் தோலில் இறங்கிய பிறகு மிஞ்சுவது ஈரமான சக்கை. தோல்காரருக்கு அது குப்பை. ஆனால் அந்தச் சக்கையைக் குழியில் கொட்டினால் மெதுவாகப் புளித்து, சுமார் 25 முதல் 30 டிகிரி வரை, இரண்டு மூன்று மாதம் ஒரே சீராகச் சூடு தந்தது. சூடு குறைந்தால் கிளறிவிட்டு, மேலே கொஞ்சம் புதிய சக்கை சேர்த்தால் மறுபடி சூடேறும். அன்னாசித் தொட்டிகளைக் கழுத்துவரை இதில் புதைத்து வைத்தார்கள்.

இந்த வித்தையில் முந்திக்கொண்டவர்கள் ஹாலந்துக்காரர்கள். இங்கிலாந்தில் இதைச் செய்து காட்டியவர் லண்டனுக்கு அருகே ரிச்மண்டில் வாழ்ந்த மேத்யூ டெக்கர். ஹாலந்தில் பிறந்த வியாபாரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். நம் சென்னைக் கோட்டையைக் கட்டி ஆண்ட அதே கம்பெனிதான். அவருடைய தோட்டக்காரர் ஹென்றி டெலெண்ட் பட்டைக் குழியில் அன்னாசியைப் பழுக்கவைத்துக் காட்டினார். டெக்கருக்குத் தலைகால் புரியவில்லை. 1720-ல் நெட்ஷர் என்ற ஓவியரை அழைத்து அந்த அன்னாசிச் செடியைப் படமாக வரையச் செய்தார். பிள்ளைக்கு வரைவதுபோல் பழத்துக்கு ஒரு உருவப்படம்! கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது. விருந்துகளில் மேஜை நடுவே காட்சிக்கு வைக்க அன்னாசியை வாடகைக்கு எடுப்பார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஒரே பழம் பல விருந்துகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் யாரோ ஒருவர் வாயில் போகும். தேய்மானம் போட்டுக் கணக்கு எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

தொழிற்கூடத்துக் கழிவிலிருந்து சூடு எடுத்துக் குடிலைக் காப்பாற்றியதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் பழைய எடுத்துக்காட்டு. இந்த ஏற்பாடு எப்படி முடிந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிக் கொதிகலனும் வெந்நீர்க் குழாயும் வந்து பட்டைக் குழியைப் பின்னுக்குத் தள்ளின. அதே நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளிலிருந்து பெட்டி பெட்டியாக அன்னாசியை லண்டனில் இறக்கின. பழம் மலிந்தது. பிரபு வீட்டு அன்னாசிக் குடில்கள் ஒவ்வொன்றாகப் பாழடைந்தன. சூட்டுக்குக் குறை வரவில்லை. பழத்துக்கு விலை போய்விட்டது.

அடுத்து ஒரு நூறு வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். அந்தக் காலம் முழுக்க நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைத்ததால் யாரும் மிச்சச் சூட்டைத் தேடி அலையவில்லை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகியபோதுதான் எல்லோரும் விழித்தார்கள். ஒரு சாதாரண அனல் அல்லது அணு மின் நிலையம் தான் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. மீதி இரண்டு பங்கு ஆற்றிலோ கடலிலோ கலக்கிறது, அல்லது அந்தப் பிரம்மாண்டமான குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாக ஆவியாக மேலே போகிறது. எண்ணூர்ப் பக்கமோ நெய்வேலிப் பக்கமோ போனவர்கள் அந்தக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அலபாமா மாநிலத்தில் சோதனைக் குடில்கள் கட்டி, மின் நிலையத்துச் சுடுநீரில் தக்காளியும் வெள்ளரியும் வளருமா என்று பார்த்தது. வளர்ந்தன. ஆனால் கோபுரத்துக்குப் போகும் தண்ணீர் பெரும்பாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், 30 - 40 டிகிரி. குளிக்கச் சரியாக இருக்கும். பனிக்கால ராத்திரியில் ஒரு கண்ணாடி மாளிகையைச் சூடாக்கப் போதாது. குழாயை இரட்டிப்பாக்க வேண்டும், விசிறி வேண்டும். எண்ணெய் விலை மறுபடி இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது.

இதே காலத்தில் பிரான்ஸ் நாட்டில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அதைச் சொல்வதற்கு முன் என் சொந்த அனுபவம் ஒன்று.

நான் வேலை பார்த்த ஒரு சிறிய ஊரில் பெரிய நூற்பாலை இருந்தது. ஆலையில் விழும் கழிவுப் பஞ்சை வாங்கிச் சுத்தம் செய்து மெத்தைக்காரர்களுக்கும் முரட்டு நூல் நூற்பவர்களுக்கும் விற்கும் சின்ன யூனிட்டுகள் நான்கைந்து ஆலையைச் சுற்றி முளைத்திருந்தன. எல்லாமே நல்ல கணக்குகள். மூலப்பொருள் பக்கத்திலேயே, கொள்ளை மலிவாக. எங்கள் கிளை தாராளமாகக் கடன் கொடுத்தது. யூனிட்டின் பேலன்ஸ் ஷீட்டை வரிவரியாகப் பார்த்தோம். ஆலையின் நிலைமை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் கடன்காரர் இல்லையே! ஒரு தீபாவளிக்குப் பிறகு ஆலை கதவடைத்தது. அடுத்த தீபாவளிக்குள் அத்தனை யூனிட்டுகளும் வாராக்கடன் பட்டியலில். அந்த நோட்டீசுகளை டைப் அடித்தவன் நான்தான். அவர்களில் ஒருவர் கவுண்டருக்கு வந்து, "நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

இப்போது பிரான்சுக்கு வருவோம். தெற்கே ரோன் நதிப் பள்ளத்தாக்கில் பியர்லாத் என்று ஓர் ஊர். அதன் அருகே த்ரிகாஸ்தான் என்ற இடத்தில் யூரோடிஃப் என்ற கூட்டு நிறுவனம் யுரேனியம் செறிவூட்டும் ஆலை ஒன்றைக் கட்டி 1979-ல் ஓட்ட ஆரம்பித்தது. பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், ஸ்பெயின், ஸ்வீடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஸ்வீடன் நடுவில் விலகிக்கொள்ள, அதன் பங்கு ஈரான் மன்னர் ஷாவுக்குப் போனது. அவர் நூறு கோடி டாலர் கடனும் கொடுத்தார். பிறகு 1979-ல் அங்கே புரட்சி, மன்னர் ஓட்டம், கடன் தகராறு. அது 1991 வரை இழுத்தது. பழைய கடன் பிரிவுக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை, மன்னிக்கவும்.

இயற்கை யுரேனியத்தில் அணு உலைக்குத் தேவையான வகை 0.7 சதவீதம்தான் உண்டு. அதை மூன்று நான்கு சதவீதமாக உயர்த்த வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, மிக நுண்ணிய துளைகள் உள்ள தடுப்பு வழியாக அழுத்தித் தள்ளுவார்கள். லேசான அணுக்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வரும். ஒரு முறை தள்ளினால் வித்தியாசம் இம்மியளவு. அதனால் 1,400 கட்டங்களில் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடும் அல்லவா, அதேதான் இங்கும் நடக்கிறது. இந்தக் கம்ப்ரசர்களுக்கு மின்சாரம் கொடுக்கவே பக்கத்தில் இருந்த அணு மின் நிலையத்தின் நான்கு உலைகளில் மூன்று ஓடின. ஒவ்வொன்றும் 900 மெகாவாட்டுக்கு மேல். அவ்வளவு மின்சாரமும் கடைசியில் சூடாக மாறி வெளியே வந்தாக வேண்டும்.

மலைபோல் குவிந்த இந்த மிச்சத்தை ஒரு பகுதியாவது விற்கலாம் என்று பியர்லாத்தில் வெந்நீர்க் குழாய் வலைப்பின்னல் போட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் அதிகமான வீடுகளுக்குக் குளிர்கால வெப்பம் கிடைத்தது. காய்கறியும் பூவும் வளர்க்கும் குடில்கள் பல ஹெக்டேர் பரப்பில் குழாயைச் சுற்றி எழுந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்றொரு காற்று அடிக்கும், எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று. அதற்கு நடுவே மலிவான வெந்நீர்! 1994-ல் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு பெரிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் வெப்பமண்டலக் காட்டையே உண்டாக்கி முதலைப் பண்ணை திறந்தார்கள். நூற்றுக்கணக்கான நைல் முதலைகள், பிரான்ஸ் நாட்டுக் குளிரில், அணு ஆலையின் மிச்சச் சூட்டில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தன. மக்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள்.

2012 ஜூன் மாதம் யூரோடிஃப் ஆலை நிறுத்தப்பட்டது. விபத்து இல்லை, நஷ்டத்தில் மூழ்கவும் இல்லை. அதைவிடச் சிறந்த ஆலை பக்கத்திலேயே வந்துவிட்டது. புதிய ஆலையில் கம்ப்ரசர் வரிசை கிடையாது. தயிர் கடையும் மத்துபோல் வேகமாகச் சுழலும் உருளைகள் யுரேனியத்தைப் பிரிக்கின்றன. மின்சாரச் செலவு பழையதில் ஐம்பதில் ஒரு பங்கு. செலவு ஐம்பதில் ஒன்றானால் மிஞ்சும் சூடும் அப்படியே குறையும். நாட்டுக்கு லாபம், மின்சாரம் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது. குடில்காரருக்கு மட்டும் குழாய் ஆறிப்போனது.

கழிவு எங்கே அதிகமோ அங்கேதான் மலிவான சரக்கு கிடைக்கும். ஆனால் கழிவு அதிகம் என்றால் அந்த இயந்திரம் பழைய, திறமை குறைந்த இயந்திரம் என்று பொருள். அப்படிப்பட்ட இயந்திரத்தைத்தான் முதலாளி முதலில் மாற்றுவார். குடில்காரர் எந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தாரோ அந்தக் கிளைதான் முதலில் வெட்டுப்படக்கூடியது. எங்கள் ஊர்க் கழிவுப் பஞ்சுக்காரர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பியர்லாத்தில் வலைப்பின்னலைக் கைவிடவில்லை. மரச்சில்லுகளை எரித்து வெந்நீர் தரும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். குழாய் அதேதான், தண்ணீரும் சூடுதான். ஆனால் முன்பு வந்தது வேறொருவர் கொட்டிய மிச்சம்; இப்போது வருவது விறகு வாங்கி எரித்து உண்டாக்கியது. இரண்டும் ஒரே விலைக்கு எப்படிக் கிடைக்கும்?

இனி இங்கிலாந்து. டெக்கரின் அன்னாசிப் படம் தொங்கும் கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் நார்ஃபோக் மாவட்டத்தில் விசிங்டன் சர்க்கரை ஆலை. அங்கே கரும்பு கிடையாது. நம் சமையலறைப் பீட்ரூட்டின் வெள்ளை நிறத் தம்பியான சர்க்கரை பீட்டிலிருந்து சீனி எடுக்கிறார்கள். பீட்டில் சீனி இருக்கிறது என்று 1747-ல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் மார்க்ராஃப். அவர் மாணவர் ஆகார்ட் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் ஆலையை ஓட்டினார். கரும்புச் சீனி வரும் கடல்வழியை இங்கிலாந்து மறித்தபோது நெப்போலியன் 1811-ல் பீட் சாகுபடிக்கு உத்தரவு போட்டார். இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்த அவசரம் இல்லாததால் மெதுவாகத்தான் வந்தார்கள். விசிங்டன் ஆலை 1925-ல் தொடங்கியது. அப்போது அங்கே போக ரோடே கிடையாது. பீட்டும் நிலக்கரியும் ரயிலிலும் ஆற்றுப் படகிலும் வந்து இறங்கின.

சீனி ஆலை என்பதே அடிப்படையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டும் இடம்தான். இங்கே ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. நார்பர்ட் ரில்லியூ, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளைக்காரத் தகப்பனாருக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். பாரிஸில் பொறியியல் படித்தார். முதல் பாத்திரத்தில் கொதிக்கும் சாற்றின் ஆவியைக் கொண்டு இரண்டாம் பாத்திரத்தையும், அதன் ஆவியைக் கொண்டு மூன்றாவதையும் கொதிக்கவைக்கும் முறையை 1840களில் காப்புரிமை எடுத்தார். பின் பாத்திரங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதிக்கும், அதுதான் சூட்சுமம். ஒரே விறகில் மூன்று கொதி! இன்று உலகத்தில் உள்ள எந்தச் சீனி ஆலையும், நம் நெல்லிக்குப்பம் உட்பட, இந்த முறை இல்லாமல் இல்லை. அவர் பிறந்த ஊரிலோ, இயந்திரத்தை வாங்கிய தோட்ட முதலாளிகள் அவரைச் சமமாக மேஜையில் உட்காரவைத்ததில்லை. பிற்பாடு பாரிஸுக்கே திரும்பிப் போய் 1894-ல் காலமானார். மிச்சச் சூட்டைச் செலவழிப்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று காட்டியவர் அவர்.

அப்படி உள்ளேயே பிழிந்தெடுத்த பிறகும் விசிங்டனில் சூடு மிஞ்சியது. ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் சேர்த்துத் தரும் சொந்த மின் நிலையத்தின் சுடுநீர் வழக்கமாகக் குளிர்விக்கும் கோபுரத்துக்குத்தான் போகும். 2000-ஆம் ஆண்டு ஆலைக்காரர்களே பக்கத்தில் தக்காளிக் குடில் போட்டு அந்தத் தண்ணீரை அதற்குள் திருப்பினார்கள். படிப்படியாக விரிந்து அது 18 ஹெக்டேர், அதாவது சுமார் 45 ஏக்கர் ஆனது. அவ்வளவும் ஒரே கண்ணாடிக் கூரை. உள்ளே ஓடிய வெந்நீர்க் குழாய் மொத்தம் 380 கிலோமீட்டருக்கு மேல். நீட்டிப் போட்டால் சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டும். கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து, வருஷத்துக்குச் சுமார் 11.5 கோடி லிட்டர், அதையே பாசனத்துக்குப் பயன்படுத்தினார்கள். நம் சங்கத்தின் மழைநீர்க் குழியைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

சூட்டோடு இன்னொன்றும் குழாயில் போனது. மின் நிலையப் புகையில் உள்ள கரியமில வாயு. செடிக்கு அது சாப்பாடு. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 400 பங்கு இருக்கும் அந்த வாயுவைக் குடிலுக்குள் 1,000 பங்கு வரை ஏற்றினால் தக்காளி நன்றாகக் காய்க்கும். இதற்காகவே ஹாலந்தில் கோடைக்காலத்தில்கூட குடில்காரர்கள் எரிவாயுவைக் கொளுத்துவார்கள். பிறகு 2005 முதல், ராட்டர்டாம் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயு, பயனற்றுக் கிடந்த பழைய எண்ணெய்க் குழாய் வழியாக அங்குள்ள குடில்களுக்குப் போகத் தொடங்கியது. விசிங்டனில் சூடு, வாயு இரண்டுமே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. வருஷத்துக்கு 14 கோடி தக்காளிகள் பறித்தார்கள். பீட்டைக் கழுவும்போது இறங்கும் மண்ணைக்கூட அந்த ஆலை தோட்ட மண்ணாக விற்கிறது, கல்லைக் கட்டுமானத்துக்கு விற்கிறது, சுண்ணாம்புக் கசடை வயலுக்கு விற்கிறது, சக்கையை மாட்டுத் தீவனமாக விற்கிறது. என் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

ஆனால் இங்கேயும் தக்காளி நிலைக்கவில்லை. 2017-ல் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கஞ்சா நட்டார்கள். திடுக்கிட வேண்டாம், அரசு உரிமத்தோடுதான். போதை தராத வகை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். 2018-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் அந்த மருந்துக்குக் கிடைத்தது. அதே வருஷம், போதைப்பொருள் கொள்கையைக் கவனித்த இங்கிலாந்து இணையமைச்சரின் கணவர்தான் சர்க்கரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் என்பது பத்திரிகைகளில் சூடான செய்தியானது. அந்த அம்மையார் கஞ்சா சம்பந்தப்பட்ட விஷயங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

பியர்லாத்தையும் விசிங்டனையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். விசிங்டனில் சூட்டுக்குச் சொந்தக்காரரும் குடிலுக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆள். ஒரு பயிரைவிட இன்னொன்று மேல் என்று பட்டதும் பயிரை மாற்றினார். குழாய், கண்ணாடி, மழைநீர்த் தொட்டி எல்லாம் அப்படியே உழைத்தன. பியர்லாத்தில் இருவர். ஒருவர் தன் கணக்கைப் பார்த்து முடிவெடுத்தார், அந்த முடிவின் செலவு மற்றவர் கணக்கில் விழுந்தது. ஆலையை மூடியது சரிதான். நான் அந்த இயக்குநர் குழுவில் இருந்திருந்தாலும் மூடத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் ஒரு குடில்காரர் கடன் கேட்டு இன்று என் முன்னால் உட்கார்ந்தால், தக்காளி விலையைக் கேட்பதற்கு முன் அவருடைய பக்கத்து வீட்டு இயந்திரத்துக்கு வயது என்ன என்று கேட்பேன். ஆலை நின்றால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு, மாற்றுக் கொதிகலன் யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவேன். அன்றைக்கு அந்த ஊர்க் கிளையில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி.

பேத்திக்கு இவ்வளவையும் இரண்டு மாலை உட்காரவைத்துச் சொன்னேன். நம் சந்துச் சூட்டுக்கு ஆள் கிடைக்காது என்பதையும் சொன்னேன். முப்பது வீட்டுக்காரர்கள், முப்பது பெட்டிகள், ஆளுக்கொரு நேரத்தில் போடுகிறார்கள். அதுவும் சூடு யாருக்குமே வேண்டாத மே மாதத்தில். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த முதலைங்க என்ன ஆச்சு தாத்தா?"

அங்கேயேதான் இருக்கின்றன அம்மா. பண்ணை இன்னும் திறந்திருக்கிறது.